சோப் மெசேஜை எங்கே மறித்துத் திருப்புவது: ஹேண்ட்லரா, இன்டர்செப்டரா, ஃபில்டரா, பிராக்ஸியா, கேமலா?

பழைய சோப் (எக்ஸ்எம்எல் மெசேஜ்களால் பேசும் முறை) சர்வீஸ் ஒன்றில் பன்னிரண்டு ஆபரேஷன்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் இரண்டை மட்டும் புதிய செர்வருக்கு மாற்றியாகிவிட்டது. மீதிப் பத்தும் இன்னும் சில காலம் பழைய இடத்திலேயே ஓட வேண்டும். வெளியிலிருந்து அழைப்பவர்களுக்கு எதுவும் மாறியதாகத் தெரியக் கூடாது. வழியில் எங்கேயோ ஓரிடத்தில் மெசேஜை நிறுத்தி, பார்த்து, சரியான செர்வருக்கு அனுப்ப வேண்டும். அந்த "எங்கேயோ" எது என்பதில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள்.

ஜாவா உலகில் இதற்கு ஐந்து இடங்கள் உண்டு: ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் (ஜாவாவின் சோப் தரநிலை) ஹேண்ட்லர், அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் (அந்தத் தரநிலையைச் செயல்படுத்தும் லைப்ரரி) இன்டர்செப்டர், சர்வ்லெட் ஃபில்டர், என்ஜின்எக்ஸ் போன்ற ரிவர்ஸ் பிராக்ஸி (செர்வர்களுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளைப் பிரித்தனுப்பும் நிரல்), அப்பாச்சி கேமல் போன்ற ரூட்டிங் லைப்ரரி. ஐந்திலும் வேலை நடக்கும். ஆனால் ஒவ்வொன்றும் மெசேஜின் வெவ்வேறு உருவத்தைப் பார்க்கிறது. ஒன்று ஜாவா ஆப்ஜெக்டைப் பார்க்கும், ஒன்று எக்ஸ்எம்எல் மரத்தைப் பார்க்கும், ஒன்றுக்கு வெறும் பைட்டுகள்தான் தெரியும். நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே வருகின்றன.

## முதலில் கேட்க வேண்டியவை

எதைப் பார்த்து வழியை முடிவு செய்கிறோம்? யூஆர்எல்லை வைத்தா, எச்டிடிபி ஹெடரை வைத்தா, ஆபரேஷன் பெயரை வைத்தா, அல்லது பாடிக்குள் இருக்கும் கிளை எண், வாடிக்கையாளர் வகை போன்ற ஒரு மதிப்பை வைத்தா? ஐந்து வழிகளில் பாதியை இந்தக் கேள்வியே தள்ளிவிடும். "ஆபரேஷன் பெயர்தானே, சோப்ஆக்‌ஷன் ஹெடரில் இருக்குமே" என்று அவசரப்பட வேண்டாம். சோப் 1.1-இல் அந்த ஹெடர் கட்டாயம். ஆனால் அதன் மதிப்பு காலியாக, இரண்டு மேற்கோள் குறிகள் மட்டுமாக இருக்கலாம். பல பழைய டபிள்யூஎஸ்டிஎல்களில் (சர்வீஸை விவரிக்கும் கோப்புகள்) அப்படித்தான் இருக்கிறது. சோப் 1.2-இல் அந்த ஹெடரே கிடையாது. கன்டென்ட்-டைப்புக்குள் 'ஆக்‌ஷன்' என்ற பாராமீட்டராக வரும், அதுவும் விருப்பத்தைப் பொறுத்தது. ஒரு நாள் முழுக்க வரும் அழைப்புகளில் இந்த ஹெடர்களைப் பதிவுசெய்து பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மெசேஜில் கையொப்பம் இருக்கிறதா? டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி கையொப்பம் இட்ட பிறகு பாடிக்குள் ஒரு வெற்றிடம் கூடினாலும் டைஜஸ்ட் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு மதிப்பு) பொருந்தாது. எக்ஸ்எம்எல்லைப் படித்து அழகாக வரி பிரித்துத் திரும்ப எழுதும் கோடு, எந்த மதிப்பையும் மாற்றாமலே கையொப்பத்தை உடைத்துவிடும். சேர வேண்டிய முகவரியைச் சொல்லும் டபிள்யூஎஸ்-அட்ரஸிங்கின் 'டு' ஹெடரும் கையொப்பத்துக்குள் இருந்தால் நிலைமை இன்னும் கடினம். அதைத் திருத்தினால் கையொப்பம் போகும், விட்டுவைத்தால் புதிய செர்வர் "இது எனக்கு வந்ததல்ல" என்று மறுக்கக்கூடும். அப்போது புதிய செர்வரைப் பழைய முகவரியையும் ஏற்கும்படி அமைப்பதுதான் வழி.

கிளையன்ட் யார் கையில்? அழைக்கும் பக்கத்தின் கோடு உங்களிடம் இருந்தால் முதல் இரண்டு வழிகளும் திறந்திருக்கும். வெளி நிறுவனங்கள் அழைக்கின்றன என்றால் செர்வர் பக்கம் மட்டுமே மிச்சம்.

மெசேஜ் எவ்வளவு பெரியது? சில கிலோபைட் என்றால் எந்த வழியும் தாங்கும். எம்டாம் (பெரிய பைனரி கோப்புகளை இணைக்கும் முறை) அட்டாச்மென்டுடன் 50 எம்பி வந்தால், மெசேஜ் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றும் வழிகள் திணறும்.

ஒரு மெசேஜ் இரண்டு முறை போனால் என்ன ஆகும்? இருப்பு விசாரிக்கும் அழைப்பு என்றால் பாதிப்பில்லை. பணம் பற்று வைக்கும் அழைப்பு என்றால் பெரும் பிரச்சினை.

## ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் ஹேண்ட்லர்

இதில் இரண்டு வகை. லாஜிக்கல்ஹேண்ட்லர் பாடியின் உள்ளடக்கத்தை மட்டும் பார்க்கும். சோப்ஹேண்ட்லர் ஹெடர், அட்டாச்மென்ட் உட்பட முழு என்வலப்பையும் (மெசேஜின் வெளி எக்ஸ்எம்எல் உறை) பார்க்கும். மெசேஜ் வெளியே போகும்போது லாஜிக்கல் முதலிலும் சோப் பின்னாலும் ஓடும்; உள்ளே வரும்போது வரிசை தலைகீழ். ஒரே ஹேண்ட்லர் இரு திசையிலும் அழைக்கப்படும் என்பதால், அவுட்பவுண்ட் பிராப்பர்ட்டியைச் சோதிக்காமல் எழுதிய கோடு பதிலையும் திருப்பப் பார்க்கும்.

கிளையன்ட் பக்கத்தில் பலர் செய்வது, ஹேண்டில்மெசேஜ் மெத்தடுக்குள் எண்ட்பாயின்ட் முகவரிப் பிராப்பர்ட்டியை மாற்றிவிடுவது. அது பலன் தரும் என்று விதிமுறை உத்தரவாதம் தரவில்லை. சிஎக்ஸ்எஃப் அடியில் ஓடினால் ஹேண்ட்லர் வரும் முன்பே இணைப்பு தயாராகிவிடும். பிழை எதுவும் வராது, லாகில் புதிய முகவரிகூட அச்சாகும், மெசேஜ் மட்டும் பழைய இடத்துக்கே போகும். முகவரியை மாற்ற வேண்டுமானால் அழைப்புக்கு முன்பே பைண்டிங்புரொவைடரின் ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்டில் மாற்றுங்கள். ஒரே பிராக்ஸி ஆப்ஜெக்டை (சர்வீஸை அழைக்கும் கிளையன்ட் ஆப்ஜெக்ட், ரிவர்ஸ் பிராக்ஸி அல்ல) பல த்ரெட்கள் பகிர்ந்தால் ஒன்றின் முகவரி இன்னொன்றுக்குக் கசியும். த்ரெட்டுக்கு ஒரு பிராக்ஸி வையுங்கள். சிஎக்ஸ்எஃப் என்றால் 'த்ரெட் லோக்கல் ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்ட்' அமைப்பை இயக்குங்கள்.

செர்வர் பக்கத்தில் இதைவிட முறையான வழி ஒன்று உண்டு. உள்ளே வரும் மெசேஜை சோப்ஹேண்ட்லர் எடுத்து, டிஸ்பாட்ச் கிளையன்ட் (மெசேஜை எக்ஸ்எம்எல்லாகவே அனுப்பும் கிளையன்ட்) மூலம் புதிய செர்வரை அழைத்து, வந்த பதிலை அதே கான்டெக்ஸ்டில் வைத்துவிட்டு 'ஃபால்ஸ்' திருப்பினால் போதும். பதில் எதிர்பார்க்கும் அழைப்பில் 'ஃபால்ஸ்' என்றால் "இதற்கு மேல் உள்ளே போகாதே, திரும்பு" என்று பொருள். பழைய சர்வீஸ் கிளாஸ் அழைக்கப்படாமலே பதில் வெளியே போய்விடும். புதிய செர்வர் சோப் ஃபால்ட் (பிழைப் பதில்) தந்தால் டிஸ்பாட்ச் அதை எக்ஸெப்ஷனாக எறியும். அதைப் பிடித்து விழுங்காமல் சோப்ஃபால்ட்எக்ஸெப்ஷனாகவே மேலே விடுங்கள். இல்லாவிட்டால் கிளையன்டுக்கு "உள் பிழை" என்று மட்டும் போகும், உண்மைக் காரணம் தொலைந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள்:

- சோப்ஹேண்ட்லர் மெசேஜைத் தொட்டதுமே முழு டாம் மரம் (எக்ஸ்எம்எல்லின் மர வடிவம்) நினைவகத்தில் எழும். அது மூல எக்ஸ்எம்எல்லைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும்.
- கெட்ஹெடர்ஸ் மெத்தடில் நீங்கள் புரிந்துகொள்ளும் ஹெடர்களைச் சொல்லாவிட்டால், 'மஸ்ட்அண்டர்ஸ்டாண்ட்' (கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும்) குறியுள்ள ஹெடருடன் வரும் மெசேஜை எஞ்சின் மறுத்துவிடும். செக்யூரிட்டி ஹெடரில் இது அடிக்கடி நடக்கும். மெத்தடில் 'நல்' திருப்பிவைத்த கோடு சோதனையில் ஓடி, நேரலையில் விழுவதற்கு இதுவே காரணம்.
- ஹேண்ட்லர் ஆப்ஜெக்ட் அழைப்புகளுக்கிடையே பகிரப்படும். அதன் ஃபீல்டில் எதையும் சேமிக்காதீர்கள்; கான்டெக்ஸ்டில் வையுங்கள்.
- கெட்ஹேண்ட்லர்செயின் தருவது நகல்தான். அதில் சேர்த்துவிட்டு செட்ஹேண்ட்லர்செயின் அழைக்காமல் விட்டால் ஹேண்ட்லர் ஓடவே ஓடாது.
- ஜாவா 6-இல் ஜேடிகேயோடு வந்த ஜாக்ஸ்-டபிள்யூஎஸ், ஜாவா 11-இல் நீக்கப்பட்டது. ஜகார்த்தா இஇ 9-இல் பேக்கேஜ் பெயரும் 'ஜாவாக்ஸ்' என்பதிலிருந்து 'ஜகார்த்தா' ஆனது. பழைய பெயரில் எழுதிய ஹேண்ட்லரைப் புதிய செர்வர் ஹேண்ட்லராகவே பார்க்காது.

பாடிக்குள் உள்ள மதிப்பை வைத்து முடிவெடுக்க வேண்டும், மெசேஜ்கள் சிறியவை, எந்த எஞ்சினுக்கு மாறினாலும் கோடு ஓட வேண்டும் என்றால் இது பொருந்தும்.

## சிஎக்ஸ்எஃப் இன்டர்செப்டர்

ஹேண்ட்லரில் திசை மட்டுமே தெரியும். சிஎக்ஸ்எஃப்பில் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் உண்டு, எந்தக் கட்டத்தில் மறிப்பது என்பதை நீங்களே தேர்வு செய்யலாம். அதன் பலமும் சிக்கலும் அதுதான்.

வெளியே போகும் சங்கிலி செட்டப்பில் தொடங்கி, லாஜிக்கல் கட்டங்களைத் தாண்டி, பிரிபேர்-சென்ட் கட்டத்தில் இணைப்பைத் தயாராக்கும். எக்ஸ்எம்எல் எழுதப்படுவது அதற்குப் பிறகுதான். ஆகவே முகவரியை மாற்றும் இன்டர்செப்டரை செட்டப்பிலோ பிரீ-லாஜிக்கலிலோ வைத்து, மெசேஜில் எண்ட்பாயின்ட் அட்ரஸ் மதிப்பை மாற்ற வேண்டும். அந்த இடத்தில் எக்ஸ்எம்எல் இன்னும் பிறக்கவில்லை. கையில் இருப்பது ஆபரேஷனுக்குத் தந்த ஜாவா ஆப்ஜெக்டுகளின் பட்டியல். வழியை முடிவு செய்ய அதுவே வசதி: எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல்லுக்குள் தேடும் மொழி) வேண்டாம், நேம்ஸ்பேஸ் தலைவலி இல்லை, கையொப்பமும் பிறகுதான் இடப்படுகிறது. கிளையன்ட் கோடு உங்கள் கையில், அடியில் சிஎக்ஸ்எஃப் என்றால், ஐந்து வழிகளில் மிகச் சுத்தமானது இதுதான் என்பது என் கருத்து.

உள்ளே வரும் பக்கத்தில் கவனம் வேண்டும். ரிசீவ் கட்டத்தில் ஸ்ட்ரீமைப் படித்தால் அது தீர்ந்துபோகும். அடுத்து வரும் பார்சர் "எதிர்பாராத கோப்பு முடிவு" என்று விழும். கேஷ்டுஅவுட்புட்ஸ்ட்ரீமில் நகலெடுத்து, மெசேஜில் புதிய இன்புட்ஸ்ட்ரீமாகத் திரும்ப வைக்க வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் அது தற்காலிகக் கோப்பில் எழுதும் என்பதால், டெம்ப் கோப்புறையில் இடம் இருக்கிறதா என்பதும் உங்கள் பொறுப்பாகிறது. மூடாமல் விட்ட ஸ்ட்ரீம்கள் அங்கே கோப்புகளாகக் குவியும்.

ஒரு செர்வர் விழுந்தால் இன்னொன்றுக்குப் போவது மட்டுமே தேவையா? இன்டர்செப்டர் எழுத வேண்டாம். ஃபெயில்ஓவர் ஃபீச்சர் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது.

## சர்வ்லெட் ஃபில்டர்

இது பொருந்தும் இடம் குறுகலானது: புதிய வடிவம் அதே கன்டெய்னரில், அதே அப்ளிகேஷனில் வேறு பாதையில் இருக்க வேண்டும். அப்போது ரிக்வெஸ்ட்டிஸ்பாட்சரின் ஃபார்வர்டு ஒரே வரியில் வேலையை முடிக்கும். வேறு செர்வருக்குப் போக ஃபார்வர்டால் முடியாது. எச்டிடிபி கிளையன்டை வைத்து நீங்களே ஒரு பிராக்ஸி எழுதுவதாகிவிடும். கன்டென்ட்-லெங்த், டிரான்ஸ்ஃபர்-என்கோடிங், கனெக்‌ஷன் ஹெடர்களை அப்படியே நகலெடுத்து, பதில் பாதியில் தொங்கும் பிழையில் மாட்டிக்கொள்பவர்கள் இவ்வழியில் வருபவர்களே.

ஆபரேஷன் பெயரை அறிய "முதல் 4 கிலோபைட்டில் தேடினால் போதும்" என்ற குறுக்குவழி அடிக்கடி தென்படும். அது தவறு. என்வலப்பில் ஹெடர் முன்னால், பாடி பின்னால். கையொப்பமும் சான்றிதழும் உள்ள செக்யூரிட்டி ஹெடரே பல கிலோபைட் இருக்கும். ஸ்டாக்ஸ் (எக்ஸ்எம்எல்லைச் சிறிது சிறிதாகப் படிக்கும்) பார்சரால் பாடியின் முதல் குழந்தை எலிமென்ட் வரை மட்டும் படித்து நிறுத்துங்கள். டிடிடி (எக்ஸ்எம்எல் வடிவ வரையறை) ஆதரவை அணைத்துவையுங்கள். சோப்பில் அதற்கு இடமே இல்லை, திறந்துவைத்தால் தாக்குதலுக்கு வழியாகும். படித்த பைட்டுகளை ரிக்வெஸ்ட் ரேப்பர் மூலம் அடுத்தவருக்குத் திரும்பத் தர வேண்டும். பின்னால் உள்ள சர்வ்லெட் அசிங்க் முறையில் ஓடினால் ஃபில்டரிலும் அசிங்க் ஆதரவை இயக்க மறக்காதீர்கள்.

## என்ஜின்எக்ஸ்

யூஆர்எல்லோ ஹெடரோ போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எந்த அப்ளிகேஷனையும் தொட வேண்டாம், பைட்டுகள் மாறாமல் போவதால் கையொப்பம் உடையாது, பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வரியை மாற்றி ரீலோடு செய்தால் போதும். மேப் பிளாக்கில் சோப்ஆக்‌ஷன் மதிப்புக்கு ஏற்ப அப்ஸ்ட்ரீம் (பின்னால் உள்ள செர்வர் குழு) பெயரைத் தந்து, பிராக்ஸி-பாஸில் அந்த மாறியை வைக்க வேண்டும்.

அதில் சறுக்கும் இடங்கள் நான்கைந்து உண்டு. ஹெடர் மதிப்பு வழக்கமாக மேற்கோள் குறிகளோடு வரும். மேப்பில் குறி இல்லாமல் எழுதினால் பொருந்தாது, எல்லாம் டீஃபால்ட் வழியில் போகும். சில கிளையன்ட்கள் குறியில்லாமலும் அனுப்பும்; ரெகுலர் எக்ஸ்பிரஷனில் இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்தது, பிராக்ஸி-பாஸில் மாறி வந்தால், அதன் மதிப்பு ஏதேனும் அப்ஸ்ட்ரீம் குழுவின் பெயராக இருக்க வேண்டும். இல்லையேல் ரிசால்வர் (டிஎன்எஸ் செர்வர்) குறிப்பிட வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் 502 பிழை.

கோரிக்கையின் பாடிக்கு இயல்பு வரம்பு 1 எம்பி. அட்டாச்மென்ட் அனுப்பும் ஆபரேஷன் முதல் நாளே 413 (பாடி மிகப் பெரியது) தரும். பதிலுக்குக் காத்திருக்கும் இயல்பு நேரம் 60 வினாடி. சிஎக்ஸ்எஃப் கிளையன்டின் ரிசீவ் டைம்அவுட்டும் இயல்பாக 60 வினாடிதான். இரண்டும் சமமாக இருந்தால் எது முதலில் விடும் என்று சொல்ல முடியாது. லாகில் ஒரு முறை 504 (பிராக்ஸி கைவிட்டது), இன்னொரு முறை 499 (கிளையன்ட் கைவிட்டது) என்று மாறி மாறி வந்து குழப்பும். வெளியே இருப்பவருக்கு அதிக நேரம், உள்ளே இருப்பவருக்குக் குறைந்த நேரம் என்று படிப்படியாக வையுங்கள்: கிளையன்டுக்கு 60, பிராக்ஸிக்கு 50, பின்னால் உள்ள செர்வரின் டேட்டாபேஸ் அழைப்புக்கு 40 என்பது போல.

மறுமுயற்சிதான் உண்மையில் அஞ்ச வேண்டிய இடம். சோப் 1.1 எச்டிடிபி வழியாகப் போகும்போது, ஃபால்ட் பதில் 500 என்ற நிலை எண்ணுடன் வர வேண்டும் என்பது விதி. "கணக்கில் இருப்பு இல்லை" என்ற சாதாரணத் தொழில் பதில்கூட 500 ஆகத்தான் வரும். பிராக்ஸியில் 500 வந்தால் அடுத்த செர்வருக்கு அனுப்பு என்று அமைத்தால், ஃபால்டுகள் எல்லாம் செர்வர் கோளாறாக எண்ணப்படும். 1.9.13 பதிப்பிலிருந்து என்ஜின்எக்ஸ், அனுப்பத் தொடங்கிவிட்ட போஸ்ட் கோரிக்கையைத் தானாக மறுமுறை அனுப்புவதில்லை. நான்-ஐடெம்பொடன்ட் (இருமுறை அனுப்பினால் விளைவு மாறக்கூடியது) என்ற சொல்லைச் சேர்த்து அந்தக் காப்பை நீங்களே நீக்கிவிடாதீர்கள். சோப்பில் விசாரணையும் போஸ்ட்தான், பணப் பற்றும் போஸ்ட்தான். பிராக்ஸிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

கிளையன்ட் சான்றிதழை டிஎல்எஸ் அளவில் சோதிக்கும் சர்வீஸ் என்றால், பிராக்ஸியிலேயே டிஎல்எஸ் முடிந்துவிடும், பின்னால் உள்ள செர்வருக்குச் சான்றிதழ் தெரியாது. ஹெடரில் அனுப்பலாம். ஆனால் வெளியிலிருந்து அதே பெயரில் வரும் ஹெடரை பிராக்ஸி கட்டாயம் அழித்து எழுத வேண்டும்.

## அப்பாச்சி கேமல்

ஆபரேஷன் பெயரோ பாடி மதிப்போ பார்த்துப் பிரிக்க வேண்டும், கிளையன்ட் உங்கள் கையில் இல்லை, செல்ல வேண்டிய இடங்கள் இரண்டுக்கு மேல் என்றால் இதற்கு வாருங்கள். சாய்ஸ்-வென் அமைப்பில் எக்ஸ்பாத் நிபந்தனை எழுதினால் ரூட் தயார். தனியாக ஓடும் ஒரு செயலியைப் பராமரிக்க வேண்டும் என்பதே இதன் நிரந்தரச் செலவு. அதற்கு ஆள் இல்லாத இடத்தில் இதைத் தொடங்க வேண்டாம்.

சிஎக்ஸ்எஃப் கம்போனென்டில் டேட்டாஃபார்மட் தேர்வு முக்கியம். பேலோட் முறையில் என்வலப் பிரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டப்படும்; கையொப்பமிட்ட மெசேஜுக்கு ரா (மெசேஜை மாறாமல் கடத்தும்) முறையே பாதுகாப்பு. வெறுமனே கடத்திவிடுவதுதான் வேலை என்றால் சிஎக்ஸ்எஃப் கம்போனென்டே வேண்டாம். எச்டிடிபி கம்போனென்ட் போதும். அதில் பிரிட்ஜ் எண்ட்பாயின்டை 'ட்ரூ' என்றும், தோல்வியில் எக்ஸெப்ஷன் எறிவதை 'ஃபால்ஸ்' என்றும் வையுங்கள். இரண்டாவதை மறந்தால் 500-உடன் வரும் ஒவ்வொரு சோப் ஃபால்டும் கேமலின் எக்ஸெப்ஷனாக மாறி, கிளையன்டுக்கு ஃபால்ட் விவரம் போய்ச் சேராது.

எக்ஸ்பாத்தில் நேம்ஸ்பேஸின் முகவரியைத் தவறாகப் பதிவுசெய்தால் பிழை வராது. நிபந்தனை பொருந்தாமல் மெசேஜ் 'அதர்வைஸ்' கிளைக்குப் போகும், அதாவது சத்தமில்லாமல் பழைய செர்வருக்கு. அந்தக் கிளைக்கு ஒரு எண்ணிக்கைக் கவுன்ட்டர் வையுங்கள். எக்ஸ்பாத் படித்த பின் பாடி காலியாகப் போனால் ஸ்ட்ரீம் கேஷிங் அணைந்திருக்கிறது என்று பொருள்.

## ஒரே பார்வையில்

| வழி | பார்க்கக்கூடியது | கையொப்பமிட்ட மெசேஜ் | பெரிய அட்டாச்மென்ட் | மாற்ற வேண்டிய இடம் |
|---|---|---|---|---|
| ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் ஹேண்ட்லர் | ஹெடர், பாடி முழுவதும் | படிக்கலாம். திருத்தினாலோ திரும்ப எழுதினாலோ ஆபத்து | நினைவகம் திணறும் | கிளையன்ட் அல்லது பழைய செர்வர் |
| சிஎக்ஸ்எஃப் இன்டர்செப்டர், கிளையன்ட் பக்கம் | ஜாவா ஆப்ஜெக்ட் | கையொப்பத்துக்கு முன்பே முடிவு | பிரச்சினை இல்லை | கிளையன்ட் |
| சர்வ்லெட் ஃபில்டர் | பைட்டுகள், நீங்கள் படிக்கும் அளவுக்கு | மாறாது | கவனமாக எழுதினால் தாங்கும் | பழைய செர்வர் |
| என்ஜின்எக்ஸ் | யூஆர்எல், எச்டிடிபி ஹெடர் | மாறாது | வரம்பை உயர்த்தினால் போதும் | நெட்வொர்க் |
| கேமல் | எல்லாம் | ரா முறையில் மாறாது | ஸ்ட்ரீம் கேஷிங் தேவை | புதிய செயலி |

இரண்டைச் சேர்த்துக்கொள்வதும் நல்ல ஏற்பாடுதான். ஹெடரால் பிரிக்க முடிந்த ஆபரேஷன்களை என்ஜின்எக்ஸே நேராக அனுப்பட்டும். பாடியைப் பார்த்தே தீர வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் கேமலுக்கு அனுப்பட்டும். எல்லா மெசேஜையும் எக்ஸ்எம்எல் பார்சருக்குள் தள்ள வேண்டியதில்லை.

## எந்த வழியானாலும் திறக்கும் முன்

டபிள்யூஎஸ்டிஎல்லைக் கேட்டுப் பாருங்கள். அதில் சோப் முகவரி எந்தச் செர்வரைக் காட்டுகிறது? உள் செர்வரின் பெயர் தெரிந்தால், டபிள்யூஎஸ்டிஎல்லை ஓடும் நேரத்தில் படிக்கும் கிளையன்ட்கள் உங்கள் திருப்பத்தைத் தாண்டி நேராக அங்கே போகும், அல்லது போக முடியாமல் விழும். சிஎக்ஸ்எஃப்பில் பப்ளிஷ்டு எண்ட்பாயின்ட் யூஆர்எல் அமைப்பு இதற்காகவே இருக்கிறது. மற்ற இடங்களில் ஹோஸ்ட் ஹெடரை பிராக்ஸி மாறாமல் கடத்த வேண்டும்.

பிறகு ஐந்து மெசேஜ்களை அனுப்பிப் பாருங்கள்: சாதாரணமான ஒன்று, ஃபால்ட் வரவழைக்கும் ஒன்று, கையொப்பமிட்ட ஒன்று, வரம்பைவிடப் பெரிய அட்டாச்மென்டுடன் ஒன்று, புதிய செர்வரை நிறுத்திவைத்துவிட்டு ஒன்று. கடைசியதில் கிளையன்டுக்கு என்ன பதில் போனது, பழைய செர்வரின் லாகில் அதே மெசேஜ் தென்படுகிறதா என்று பாருங்கள். தென்பட்டால் எங்கோ மறுமுயற்சி இயங்குகிறது. அதைக் கண்டுபிடித்து அணைத்த பிறகே உண்மையான அழைப்புகளைத் திருப்புங்கள்.